மேலக்கோயில் டிஸ்க்

நெல்லை வண்ணார்பேட்டை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் ஸ்டூடியோ அண்ணாச்சி மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வைத்தார். கல்யாண ஆல்பத்துக்கு உறை தைக்கும் வெல்வெட் துணியில் அதைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“தம்பி, நேத்து ராத்திரியில இருந்து டிக் டிக்குன்னு சத்தம் போடுது. கம்ப்யூட்டர்ல பேரு காட்டுது, உள்ள போனா அப்படியே நின்னுருது. வாங்கி ஒன்றரை வருசம்தான் ஆவுது. வாரண்டி இருக்குல்லா?”

“இருக்கு அண்ணாச்சி. இது மூணு வருச வாரண்டி. பில்லு இருந்தா மாத்திக் குடுத்துருவாங்க.”

“அப்போ கவலையில்ல” என்று டீயை எடுத்தார்.

எனக்குக் கவலை அப்போதுதான் தொடங்கியது. “உள்ள என்ன இருக்கு அண்ணாச்சி?” என்றேன். ஆவணி முகூர்த்தங்கள் முழுவதும் அதில் இருந்தன. இரண்டு வீட்டுக்கு இன்னும் ஆல்பம் கொடுக்கவில்லை. வேறு எதிலாவது காப்பி இருக்கிறதா என்று கேட்டதற்கு, “மெமரி கார்ட அழிச்சிட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டு போயிட்டோம்லா” என்றார்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது எனக்கு. இந்த உரையாடல் என் கடையில் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. வாரண்டி இருந்தால் எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கை எப்படியோ எல்லோர் மனத்திலும் ஏறிவிட்டது. ஆமவடை சூடாக வந்தது. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

இந்தப் பெட்டிக்குள் கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தகடுகள் இருக்கின்றன. மேசைக் கம்ப்யூட்டரில் போடும் டிஸ்க் பலவற்றில் அவை நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். கணக்குப் போட்டால் தகட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதன்மேல் ஒரு சிறு முனை, அதை ‘ஹெட்’ என்போம், தகட்டைத் தொடாமல் மிதந்தபடி எழுதும், படிக்கும். நடுவில் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஐம்பதாயிரம் நானோமீட்டருக்கு மேல். ஹெட்டைத் தூக்கி நிறுத்துவது தகடு சுற்றும்போது எழும் காற்று. அந்தக் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றோடு சமமாக இருப்பதற்காக மூடியில் வடிகட்டியோடு ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். அதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். அந்தத் துளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தால் ஹெட் தகட்டில் உரசும். கரண்ட் பட்டென்று போய்ப் பட்டென்று வந்தால் சர்க்யூட் போர்டு அடிவாங்கும். ஒன்றும் செய்யாமலேகூட ஒரு நாள் போய்விடும். டிக் டிக் என்ற சத்தம் பெரும்பாலும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தேடுவதுதான்.

“அப்போ எவ்வளவு காலம்தான் உழைக்கும்?” என்றார் அண்ணாச்சி.

சில டிஸ்க்குகளின் விவரத்தாளில் ‘சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம்’ என்று போட்டிருக்கும். வகுத்துப் பார்த்தால் 114 ஆண்டு. ஆனால் அது ஒரு டிஸ்க்கின் ஆயுள் கிடையாது, கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஆயிரம் டிஸ்க் ஓடினால் ஓர் ஆண்டில் எட்டு, ஒன்பது போகும் என்பதே அதன் பொருள். நடப்பில் அதைவிடக் கூடுதலாகவே போகிறது. 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறக்குறைய ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை மாற்றப்படுவது சாதாரணம், சில இடங்களில் 13 வரை போயிருக்கிறது என்று எழுதினார்கள். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டிவரும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கணக்கை வெளிப்படையாகச் சொல்லிவருகிறது. 2024இல் அவர்களுடைய விகிதம் 1.57 சதவீதம்.

இதை அண்ணாச்சியின் கடைக்குக் கொண்டுவந்தேன். அவரிடம் 12 டிஸ்க் இருக்கிறது. எல்லாம் ஐந்து ஆண்டு ஓடினால் மொத்தம் 60 டிஸ்க்-ஆண்டு. அந்த நல்ல விகிதத்தையே வைத்துப் பெருக்கினாலும் ஏறக்குறைய ஒன்று வருகிறது. ஐந்து ஆண்டில் ஒரு டிஸ்க் போவது கெட்ட நேரம் இல்லை, வரவேண்டிய கணக்குதான்.

“முன்கூட்டியே தெரியாதா?” என்றார். ஓரளவு தெரியும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. அதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். ‘மாற்றி ஒதுக்கிய செக்டர்’, ‘முடிவாகாமல் நிற்கும் செக்டர்’ என்ற இரண்டு வரிகளில் பூஜ்யம் இருக்க வேண்டும். கூகுள் நிறுவனத்தார் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, பரிசோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாததைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். ஆகவே முதல் பிழையிலேயே மாற்றிவிட வேண்டும். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், 56 சதவீதம், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் நம்பலாம். வராததை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

சரி, வாரண்டிக்கு வருவோம். பில், சீரியல் நம்பர், கிழியாத லேபிள், பிரிக்காத ஸ்க்ரூ, இந்த நான்கும் வேண்டும். கம்பெனியின் கணக்கில் பெரும்பாலும் ஆலையிலிருந்து சரக்கு கிளம்பிய தேதிதான் இருக்கும். பில் இல்லாவிட்டால் கடை அலமாரியில் தூங்கிய மாதங்களும் உங்கள் தலையில் விழும். கீழே விழுந்து நசுங்கியது, கருகியது, தண்ணீர் புகுந்தது எதற்கும் வாரண்டி கிடையாது. பிராண்டட் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி விற்ற டிஸ்க்குக்குத் தனி வாரண்டி வராது. வாங்கும்போதே சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மாற்றிக் கொடுப்பதும் பெரும்பாலும் புதிய டிஸ்க்காக இருக்காது. வேறு யாரோ திருப்பி அனுப்பியதைச் சரிபார்த்து, லேபிளில் அதைக் குறிப்பிட்டு அனுப்புவார்கள். அதற்கு வாரண்டியும் பழைய டிஸ்க்கில் மிச்சம் இருந்த காலம்தான், அது மிகக் குறைவாக இருந்தால் சில மாதம் கூட்டித் தருவது உண்டு. வந்ததும் முழுப் பரப்பையும் ஒரு முறை படிக்கவைத்துச் சோதிக்காமல் நான் எந்த டிஸ்க்கையும் யார் கையிலும் கொடுப்பதில்லை. கம்பெனி மாற்றிக் கொடுக்க மறுத்தாலோ இழுத்தடித்தாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

இவ்வளவும் அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

என் அப்பா சேரன்மகாதேவியில் விவசாயம் பார்த்தவர். கன்னடியன் கால்வாயில் எந்த மடைக்கு எப்போது தண்ணீர், எந்த வருசம் யார் வயலுக்கு எட்டவில்லை என்பதையெல்லாம் நாள் முழுக்கச் சொல்லுவார். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் பேசியதைப் பதிவு செய்து ஒரே ஒரு டிஸ்க்கில் வைத்திருந்தேன். அவர் போன எட்டாம் மாதம் அந்த டிஸ்க் நின்றது. வாரண்டி இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்கிற நான் அவசரத்தில் அனுப்பிவிட்டேன். மூன்று வாரத்தில் கூரியர் வந்தது. நேர்த்தியாகப் பஞ்சுறை போட்டு, நன்றாக வேலை செய்யும் டிஸ்க். திறந்தேன், காலியாக இருந்தது. ஒப்பந்தப்படி அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். நான் செய்ய வேண்டியதைத்தான் செய்யவில்லை. திருப்பி அனுப்பிய டிஸ்க் திரும்பாது. உள்ளே இருப்பது வேண்டுமென்றால் முதலில் மீட்பு, அதன் பிறகே வாரண்டி.

அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டு டிஸ்க்ல போட்டு ஒரே பீரோவுல வச்சா போதுமா?” என்றார்.

நான் ஆற்றுப்பக்கம் கையைக் காட்டினேன். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று புகுந்தது. அண்ணாச்சியின் ஸ்டூடியோ மாடியில் இருந்ததால் தப்பியது. அடுத்த வாரம் என் மேசை முழுக்கச் சேறு படிந்த டிஸ்க்குகள். பலர் இரண்டு காப்பி வைத்திருந்தவர்கள்தான். இரண்டும் ஒரே தரைத்தளத்தில், ஒரே பீரோவின் கீழ்த்தட்டில். முன்னால் சொன்ன அந்தச் சின்னத் துளை வழியாக இரண்டுக்குள்ளும் வெள்ளம் போய்விட்டது. ஹீலியம் அடைத்து மூடிய பெரிய டிஸ்க்குகளில் மட்டும் அந்தத் துளை இல்லை. நல்லெண்ணத்தோடு வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்த்தவர்கள்தான் கூடுதலாக இழந்தார்கள். வண்டல் தகட்டில் ஒட்டிக் காய்ந்த பின் அதை 7,200 சுற்றில் ஓட்டினால் ஹெட் என்ன ஆகும்? நனைந்த டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்காமல், காயவைக்காமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடி மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆற்று வெள்ளத்துக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் இன்னொரு உறவும் உண்டு. 2011 அக்டோபரில் தாய்லாந்தின் சாவோ பிரயா ஆறு பெருகி, அயுத்தயா பக்கம் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலை மூழ்கியது. உலகத்துக்கே டிஸ்க் தட்டுப்பாடு வந்து, இங்கே நெல்லையிலும் விலை இரண்டு மடங்கைத் தொட்டது. அந்த டிசம்பரில்தான் பெரிய கம்பெனிகள் இரண்டும் பல வகை டிஸ்க்குகளின் வாரண்டிக் காலத்தைக் குறைத்து அறிவித்தன. வாரண்டி என்பது கம்பெனியின் வரவு செலவைப் பார்த்து நீளும், குறையும். அதை நம்பி வீட்டு நினைவுகளை வைக்க முடியாது.

“குறுக்குத்துறையில என்ன செய்யுதாங்க அண்ணாச்சி?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியாதா என்ன? ஆற்றுக்குள்ளேயே இருக்கும் முருகன் கோயில் அது. பாறையில் செதுக்கிய மூலவரை அசைக்க முடியாது. வெள்ளம் வருகிறது என்றதும் உற்சவரையும் உண்டியலையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆறு கோயிலை மூடிக்கொண்டு ஓடும். வடிந்ததும் சேற்றைக் கழுவி மறுபடி பூசை. நம் ஊர் வெள்ளத்தோடு வாழக் கற்றுக்கொண்ட முறை அது. எது நகராது, எது மேலே போக வேண்டும், எங்கே போக வேண்டும் என்பது மழைக்கு முன்பே முடிவாகியிருக்கிறது.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய ஒரு விதியும் இதையே சொல்கிறது. மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். அண்ணாச்சியின் தொழிலுக்கு அதை இப்படி மாற்றிச் சொன்னேன். வேலை செய்யும் கம்ப்யூட்டரில் ஒன்று, பீரோவில் வேறு மாடல் டிஸ்க்கில் ஒன்று, ஆறு எட்டாத இடத்தில் ஒன்று. மூன்றிலும் ஏறிய பிறகே மெமரி கார்டை அழிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் திறந்து, படங்கள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அவர் டிஸ்க்கை அன்றே வாங்கிக்கொண்டேன். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல் நிறுத்திவைத்ததால் அதில் இன்னும் உயிர் இருந்தது. டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் முதலில் நல்ல இடங்களை எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் மெதுவாகத் திரும்பி வரும். மூன்று நாள் ஓடியது. ஏறக்குறைய எல்லாம் கிடைத்தது. ஒரு வீட்டின் மறுவீட்டுப் படங்கள் மட்டும் வரவில்லை. அண்ணாச்சியே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பிறகுதான் வாரண்டிக்கு அனுப்பினோம். வந்ததைச் சோதித்து, ஆவணிக் கல்யாணங்களை அதிலும் ஏற்றிக் கொடுத்தேன். அண்ணாச்சி மார்க்கர் பேனா கேட்டார். டிஸ்க்கின் உறைமேல் தேதியைப் போட்டு, அடியில் பெரிய எழுத்தில் ‘மேலக்கோயில்’ என்று எழுதினார். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினார்.