எலும்புருக்கி என்னும் பெயரும் தூதுப் புரதங்களும்

காசம் என்னும் சொல் இருமலைக் குறிப்பது. மக்கள் வழக்கிலுள்ள எலும்புருக்கி என்னும் பெயரோ உடல் தேய்தலைக் குறிப்பது. வடமொழிவழி வந்த சயம் என்பதற்கும் தேய்வென்பதே பொருள். பண்டைக் கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயரும் அப்பொருளதே. 1882-இல் இராபர்ட் காக் பெர்லினில் இந்நோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த பின்னர், உடலை உருக்குவது அக்கிருமியே என்று கொள்ளுதல் எளிதாயிற்று. எனினும், உருக்குவது யாது என்னும் வினா அத்துணை எளிதில் முடிவதன்று.

மூச்சுடன் நுரையீரலை அடையும் கிருமியைப் பெருவிழுங்கிகள் எனப்படும் வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. பிற கிருமிகள் பெரும்பாலும் ஆங்கே செரிக்கப்பட்டு ஒழியும். காசக் கிருமியோ, செரிப்புப் பைகள் தன்னை வந்து சேராவாறு தடுத்து, விழுங்கிய அணுவையே தன் உறைவிடமாக்கிக் கொள்கிறது. பெருவிழுங்கி தனித்து இதனை வெல்லுதல் அரிது. பிற அணுக்களின் துணை வேண்டும். அத்துணையை வேண்டியும் விடுத்தும் அணுக்களிடையே செல்லும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். இவற்றைச் சமிக்ஞைப் புரதம் என்பாரும் உளர். யாம் தூதுப் புரதம் என்றே கூறுவோம். தூதெனின் விடுப்போரேயன்றி ஏற்போரும் வேண்டும் என்பது தானே விளங்குமன்றோ?

பெருவிழுங்கி இன்டர்லியூக்கின்-12 என்னும் தூதை விடுக்கிறது. அதனை ஏற்ற டி அணுக்கள் இன்டர்பெரான் காமாவைச் சுரக்கின்றன. அது பெருவிழுங்கியை அடைந்து, அதன் கொல்லும் ஆற்றலைத் தூண்டுகிறது. இன்டர்பெரான் காமா சுரக்கவியலாத எலிகள் காசக் கிருமிக்கு விரைவில் இரையாதலை அமெரிக்க ஆய்வாளர் இரு குழுவினர் 1993-இல் காட்டினர். 1996-இல் வெளிவந்த ஆய்வுகள் மனிதரிடத்தும் இதன் இன்றியமையாமையைப் புலப்படுத்தின. இத்தூதை ஏற்கும் புரதம் பிறவியிலேயே பழுதுற்ற குழந்தைகட்குப் பி.சி.ஜி. தடுப்பு மருந்திலுள்ள வலிகுன்றிய கிருமியே உயிர்க்கு இறுதியாயிற்று. தூது உண்டு, ஏற்பார் இல்லை.

டி.என்.எப். என்பது மற்றொரு தூது. கிருமியைச் சூழ்ந்து அணுக்கள் அமைக்கும் சிறு முடிச்சுகள் குலையாமல் நிற்றற்கும் இது வேண்டும். முடக்குவாதம் முதலிய நோய்களைத் தணிக்க இப்புரதத்தை அடக்கும் இன்பிளிக்சிமாப் என்னும் மருந்தை ஏற்றோருள் 70 பேர்க்குக் காசநோய் வெளிப்பட்டமை 2001-இல் பதிவாயிற்று. அவருள் 48 பேர் மூன்று முறையோ அதனிற் குறைவாகவோ மருந்து பெற்றவர். இத்தகைய மருந்துகளைத் தருமுன் உடலில் உறங்கும் காசத்தை ஆய்ந்தறிதல் இன்று மருத்துவர் மேற்கொள்ளும் முறையாகும்.

இக்காவற் புரதத்திற்கு மற்றொரு பெயரும் உண்டு. நோயுற்ற விலங்குகள் மெலிவதற்குக் காரணம் தேடிய நியூயார்க்கு ஆய்வாளர், தாம் பிரித்தெடுத்த புரதத்திற்கு, மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகக் ‘கக்கெக்டின்’ என்று பெயரிட்டிருந்தனர். அதுவும், 1975-இல் கட்டிகளை நலிவிப்பதெனப் பெயர் பெற்ற டி.என்.எப்.-உம் ஒன்றே என்பது 1985-இல் தெளிவாயிற்று. காப்பதாகக் கண்ட புரதம் உருக்குவதாகவும் உளது! வரிக்குதிரை மீன்களிடத்துக் காசக் கிருமியின் இனக் கிருமியைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வுகள், இது குறையினும் மிகினும் கேடே என்பதைக் காட்டின. மிகுந்துழிப் பெருவிழுங்கிகள் வெடித்து மடிய, உள்ளிருந்த கிருமிகள் வெளிப்பட்டுப் பெருகுகின்றன.

எனவே, எலும்புருக்கி என்னும் பெயர் கிருமியின் செயலை மட்டுமன்றி, அதனை எதிர்க்கும் உடலின் செயலையும் சுட்டுவதாக யாம் கருதுகின்றோம். ஆயினும் மெலிவு முழுவதற்கும் டி.என்.எப். ஒன்றையே காரணமாக்குதல் பொருந்தாது. பிற தூதுப் புரதங்களும், பசியின்மையும், நீடித்த காய்ச்சலும், நோய்க்கு முன்னரே பலரிடத்துள்ள ஊட்டக் குறைவும் அதற்குத் துணைசெய்கின்றன.