பறவை பார்க்கப் போங்கள்... ஆறு பருவமும் புரியும்!

"வைத்தியரய்யா, காலையில நடக்கச் சொன்னீங்க. நாலு நாள் நடந்தேன். போரடிக்குது, விட்டுட்டேன்!"

சர்க்கரை நோய்க்காக என்னிடம் வரும் அறுபது வயதுக்காரர் இப்படிச் சொன்னார். "சரி, நடக்க வேண்டாம். குளக்கரைக்குப் பறவை பார்க்கப் போங்க" என்றேன். சிரித்தார். ஆனால் போனார். இப்போது வாரம் நாலு நாள் தன் ஊர்க் குளத்தைச் சுற்றி வருகிறார். மருந்தை நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தக் கூடாது. நடப்பதற்கு மட்டும் இனி அவரை நான் விரட்ட வேண்டியதில்லை!

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில் எனக்குப் பழக்கமானது கூந்தன்குளம். திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி பக்கம். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். ராம்சர் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டது. சித்த மருத்துவத்தில் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறோம் அல்லவா? அந்த ஆறையும் இந்தக் குளத்தில் கண்ணால் பார்க்கலாம்.

கார் (ஆவணி, புரட்டாசி): மலையில் மழை, இங்கே வெறும் காற்று. குளத்தில் தண்ணீர் குறைவு. சுற்றியுள்ள உடங்காட்டுக்குள் கண்ணை ஓட்டுங்கள். மயில், கௌதாரி, செம்போத்து எல்லாம் தென்படும்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): வடகிழக்குப் பருவமழை. மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் கால்வாய் வழியாக வரும். குளம் நிறைய நிறைய, வடக்கிலிருந்து ஊசிவால் வாத்து, கிளுவை, உள்ளான் என்று விருந்தாளிகள் இறங்குவார்கள்.

முன்பனி (மார்கழி, தை): வரித்தலை வாத்து வரும் காலம். தலையில் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறது. அவ்வளவு உயரத்தில் நமக்கு மூச்சுத் திணறும். இதன் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், குறைந்த காற்றிலிருந்தும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் தன்மை கொண்டது. பூநாரைகளையும் இந்தச் சமயத்தில் பார்க்கலாம்.

பின்பனி (மாசி, பங்குனி): மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கும். குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலும்தான்! மனிதர்களுக்கு ஐயம், அதாவது கபம், வளரும் காலம் இது. பனியில் போகிறவர்கள் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் சுக்குமல்லிக் காப்பி குடியுங்கள்.

இளவேனில் (சித்திரை, வைகாசி): குஞ்சுகள் இறக்கை அடித்துப் பழகும். தோப்பில் குயில் கூவும். வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுங்கள்.

முதுவேனில் (ஆனி, ஆடி): தண்ணீர் வற்றும். நாரைகள் கிளம்பிவிடும். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம்.

நான் செய்த தப்பு

பல வருஷங்களுக்கு முன் ஒரு மாசி மாதம் என் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். பறவைகள் பறப்பதைக் காட்டும் ஆசையில் மரத்தடியில் நின்று பலமாகக் கை தட்டினேன். நாரைகள் எழும்பின. பிள்ளைகளுக்குக் குஷி. அடுத்த நிமிஷமே இரண்டு காக்கைகள் கூட்டில் இறங்கின. ஒன்று முட்டையைத் தூக்கிக்கொண்டு போனது.

வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பாட்டி சொன்னார்: "ஏய்யா, தாய் வீட்டுக்குப் பிள்ளை பெற வந்தவள இப்படித்தான் கையத் தட்டி வெரட்டுவியளா?"

தலை குனிந்து நின்றேன். இன்றும் அந்த வார்த்தை மறக்கவில்லை. அந்த ஊரில் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதையே தவிர்ப்பார்கள். தாய்ப் பறவை எழுந்தால் முட்டை காக்கைக்கு இரை. இல்லாவிட்டால் குஞ்சு வெயிலில் வாடும். ஆகவே கூட்டுக்குக் கீழே நிற்காதீர்கள். தள்ளி நின்று பைனாகுலரில் பாருங்கள். செத்த பறவையைத் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். "கொக்குக் கறி மூலத்துக்கு நல்லதாமே?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது 1972ஆம் வருடச் சட்டப்படி குற்றம். மூலத்துக்குத் துத்தி இலையும் கருணைக்கிழங்கும் இருக்கும்போது கொக்கு எதற்கு? ரத்தம் போனால் அதையும் நம்பி உட்காராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் கூந்தன்குளம்தான் வர வேண்டுமென்பதில்லை. உங்கள் ஊர் ஏரி போதும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி போட்டு, பார்த்த பறவையையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். பேரன் பேத்தியை உடன் கூட்டிப் போங்கள். செல்போன் பையிலேயே இருக்கட்டும்.

போன வருஷம் வந்த பறவை இந்த வருஷம் வரவில்லையா? ஏன் என்று கேளுங்கள். தண்ணீர் வரும் வாய்க்கால் தூர்ந்துவிட்டதா, சாக்கடை கலக்கிறதா, கரையில் மரத்தை வெட்டினார்களா என்று போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கிணற்றுக்கு ஊறுவதும் அந்த ஏரித் தண்ணீர்தானே!