மோட்டாரும் அதன் கடிவாளமும்

பொம்மைக் கார் ஒன்று உடைந்து போனால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வருத்தம் உண்டாகிறது. கொடுத்த காசு வீணாயிற்றே என்பது அவர்கள் கவலை. பையனுக்கோ உள்ளூர ஆனந்தம். இனிமேல் அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு யாரும் தடை சொல்ல முடியாதல்லவா? அரை மணி நேரத்தில் சக்கரங்கள் ஒரு பக்கம், பல் சக்கரங்கள் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் என்று கூடமெல்லாம் இறைந்து கிடக்கும். நடுவிலிருந்து நெல்லிக்காய்ப் பருமனில் ஒரு சிறு மோட்டாரைக் கண்டெடுத்து, அதன் இரண்டு கம்பிகளையும் ஒரு பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்ப்பான். மோட்டார் "கிர்" என்று சுழலும். வீடு முழுவதும் அதைக் கொண்டுபோய்க் காட்டுவான்.

இந்த உற்சாகம் சாதாரணமாக ஒரு நாளைக்கு மேல் நீடிப்பதில்லை. சுழல்கிறது, சரி, அப்புறம் என்ன? இந்த இடத்தில்தான் நாம் பையனுக்கு, அல்லது பெண்ணுக்கு, ஒரு கேள்வி போட்டு வைக்க வேண்டும். "சுழல வைத்துவிட்டாய், நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா? வந்த வழியே திருப்ப முடியுமா? நீ பக்கத்தில் இல்லாத போதும் எல்லை தாண்டாமல் இருக்கச் செய்ய முடியுமா?" இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை மோட்டாரில் இல்லை, ஸ்விட்சில் இருக்கிறது. மோட்டார் குதிரையானால் ஸ்விட்சுதான் அதற்குக் கடிவாளம்.

ஒரு பள்ளி ஆசிரியரின் விளையாட்டுப் பொருள்

சரித்திரத்தைப் பார்த்தாலும் மோட்டாரும் ஸ்விட்சும் கூடப் பிறந்தவை என்றே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆல்பனி என்னும் ஊரிலிருந்த ஒரு கலாசாலையில் ஜோஸப் ஹென்றி என்பவர் கணித ஆசிரியராக இருந்தார். 1831-ம் வருஷத்தில் அவர் ஒரு விநோத யந்திரம் செய்தார். கம்பி சுற்றிய இரும்புத் தண்டு ஒன்றைத் தராசுக் கோல் போல் நடுவில் தாங்கி நிற்கச் செய்தார். அதன் இரு முனைகளுக்கும் கீழே இரண்டு காந்தங்களை நட்டு வைத்தார். ஒரு முனை தாழும்போது அதிலிருந்து நீட்டிக் கொண்டிருக்கும் கம்பிகள் பாதரசம் நிரம்பிய சிறு கிண்ணங்களில் தோயும்; உடனே மின்சாரம் பாயும்; காந்தம் அந்த முனையை மேலே தள்ளிவிடும். அப்போது மறு முனை தாழ்ந்து, அங்கேயுள்ள கிண்ணங்களில் தோயும். மின்சாரம் இப்போது எதிர்த் திசையில் பாயும். இப்படி நிமிஷத்துக்கு 75 தடவை அந்தக் கோல் ஏறி இறங்கிக் கொண்டிருந்தது. ஹென்றி அதை வெறும் விளையாட்டுப் பொருள் என்றே கருதினார்.

அந்தப் பாதரசக் கிண்ணங்கள் என்ன? ஸ்விட்சுகள்தாம். நம் பையன் கையிலிருக்கும் மோட்டாருக்குள்ளும் அதே வேலையைச் செய்யும் உறுப்பு இருக்கிறது. அச்சின் மேல் மூன்று செப்புத் துண்டுகள் வளையம் போல் அமைந்திருக்கும். இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் அவற்றைத் தொட்டுக் கொண்டிருக்கும். அச்சு திரும்பத் திரும்ப, அவை கம்பிச் சுருள்களில் பாயும் மின்சாரத்தின் திசையை மாற்றிக்கொண்டே இருக்கும். இதற்குக் கம்யூட்டேட்டர் என்று பெயர். இந்தத் தானியங்கி ஸ்விட்சு இல்லாவிட்டால் மோட்டார் சிறிது திரும்பி, காந்தம் இழுத்த இடத்திலேயே நின்றுவிடும்.

நிறுத்துவது எப்படி?

சாதாரண ஸ்விட்சு மின்சாரத்தின் பாதையைத் துண்டிக்கிறது. ஆனால் மோட்டார் உடனே நிற்பதில்லை. மிதிப்பதை நிறுத்திய சைக்கிளைப் போலச் சிறிது தூரம் ஓடித்தான் ஓய்கிறது. காற்றாடிக்கு அது போதும். பொம்மை ரயில் மேஜையின் விளிம்பை நோக்கிப் போகும்போது அது போதாது.

இங்கே ஓர் இயற்கை விதி நமக்குத் துணை செய்கிறது. மோட்டாரும் டைனமோவும் ஒரே யந்திரத்தின் இரண்டு முகங்கள். 1873-ல் வியன்னாவில் நடந்த கண்காட்சியில், ஓடிக் கொண்டிருந்த ஒரு டைனமோவின் கம்பிகளை மற்றொரு டைனமோவுடன் இணைத்தபோது இரண்டாவது டைனமோ தானே மோட்டாராகச் சுழன்றதைக் கண்டு எல்லோரும் வியந்தார்கள். அதே போல, பாட்டரியைப் பிரித்த பிறகும் சுழன்று கொண்டிருக்கும் மோட்டார் தானே மின்சாரத்தை உண்டாக்க முயல்கிறது. அதன் இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டால் அந்த மின்சாரம் சுருளில் பாய்ந்து, சுழற்சிக்கு விரோதமாக வேலை செய்யும். மோட்டார் பிரேக் போட்டது போல் நிற்கும்.

இதற்கு மூன்று கால்களுள்ள ஸ்விட்சு வேண்டும். நடுக்காலை மோட்டாரின் ஒரு முனையுடன் சேர்க்க வேண்டும். ஓரக் கால்களில் ஒன்று பாட்டரியின் நேர் முனைக்குப் போக வேண்டும். மற்றொரு ஓரக் காலையும், பாட்டரியின் எதிர் முனையையும், மோட்டாரின் மறு முனையையும் ஒன்றாக இணைக்க வேண்டும். ஸ்விட்சை ஒரு பக்கம் தள்ளினால் ஓட்டம். மறு பக்கம் தள்ளினால் பிரேக்.

ஒரு ஜாக்கிரதை. நடுக்கால் மோட்டாருக்கே உரியது. தவறி அதில் பாட்டரியின் நேர் முனையை வைத்துவிட்டால், பிரேக் பக்கம் தள்ளும்போது பாட்டரியின் இரண்டு முனைகளும் நேரே சேர்ந்துவிடும். கம்பி கையைச் சுடும்; பாட்டரியும் கெடும். ஆகவே முதலில் காகிதத்தில் வரைந்து, ஸ்விட்சின் இரண்டு நிலைகளிலும் மின்சாரம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே கம்பியை எடுக்கச் சொல்ல வேண்டும். புறப்பட்ட மின்சாரம் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்பதைப் பாடப் புத்தகம் பத்துத் தடவை சொல்வதைவிட இந்த விரல் ஒரு தடவையில் கற்றுக் கொடுத்துவிடும்.

திருப்புவது எப்படி?

காந்தமுள்ள இந்தச் சிறு மோட்டாரில் பாட்டரியின் முனைகளை மாற்றி வைத்தால் அது எதிர்ப்புறமாகச் சுழலும். ஒவ்வொரு தடவையும் கம்பியைப் பிடுங்கி மாற்றுவது நடக்கிற காரியமல்ல. ஆறு கால் ஸ்விட்சு ஒன்று அந்த வேலையை ஒரு நொடியில் செய்துவிடும். சென்னை ரிச்சித் தெருவிலும் மற்ற ஊர்களின் எலெக்ட்ரானிக் சாமான் கடைகளிலும் டி.பி.டி.டி. என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

அதன் பின்புறம் இரண்டு வரிசையில் மும்மூன்று கால்கள் இருக்கும். நடு ஜோடிக்கு மோட்டாரைக் கொடுங்கள். மேல் ஜோடிக்குப் பாட்டரியைக் கொடுங்கள். பிறகு இரண்டு சிறு கம்பிகளைக் குறுக்காகப் போடுங்கள்: மேல் இடக் காலிலிருந்து கீழ் வலக் காலுக்கு ஒன்று, மேல் வலக் காலிலிருந்து கீழ் இடக் காலுக்கு ஒன்று. இவை ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் உறை போட்ட கம்பியாக இருப்பது அவசியம். அவ்வளவுதான். ஸ்விட்சின் ஒரு நிலையில் மோட்டார் வலமாகவும், மறு நிலையில் இடமாகவும் சுழலும்.

நடுவில் நிற்கக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குவது உத்தமம். காரணம் இதுதான்: சிறு மோட்டார் சுமையின்றி ஓடும்போது சுமார் பத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு ஆம்பியர் மின்சாரந்தான் எடுக்கும். கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு எடுக்கும். அச்சைப் பிடித்து நிறுத்தினால் அந்தப் பல மடங்கு தொடர்ந்து பாயும். ஓடும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் அழுத்தந்தான் மின்சாரத்தை அளவோடு வைக்கிறது. முழு வேகத்தில் ஓடும்போதே திசையை மாற்றினாலோ அந்த எதிர் அழுத்தம் பாட்டரியோடு சேர்ந்துகொள்கிறது. கிளம்பும் மின்சாரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு பாய்கிறது. பாட்டரியும் தளரும், ஸ்விட்சின் தகடும் தேயும். ஓடுகிற மாட்டை நிறுத்தித்தானே திருப்புகிறோம்?

காவல் இல்லாமல் காப்பது

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் ரஸமானது. அட்டைப் பெட்டியில் ஒரு சிறு நாடக மேடை செய்து, அதன் திரையை மோட்டாரால் திறந்து மூடுவதாக வைத்துக் கொள்வோம். திரை முழுவதும் திறந்த பிறகும் மோட்டார் இழுத்துக் கொண்டே இருந்தால் நூல் அறும், அல்லது மோட்டார் சூடேறிக் கருகும். ஸ்விட்சைப் பிடித்துக் கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் நாடகம் பார்ப்பது எப்போது?

இதற்கு மைக்ரோ ஸ்விட்சு என்ற சிறு பொருள் உதவுகிறது. தொடாத போது மின்சாரத்தை விட்டுக் கொண்டும், அதன் நெம்புகோலைத் தொட்டால் துண்டித்துவிட்டும் இருக்கும்படி அதை இணைக்கலாம். திரையின் இரு கோடிகளிலும் ஒவ்வொன்றை நிறுத்தி, மோட்டாருக்குப் போகும் பாதையில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், திரை எல்லையைத் தொட்டதும் மோட்டார் தானே நின்றுவிடும்.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. நின்ற திரை நெம்புகோலை அழுத்திக் கொண்டே நிற்கிறது. பாதை துண்டானபடியே இருக்கிறது. ஆறு கால் ஸ்விட்சை மறு பக்கம் தள்ளினாலும் மின்சாரம் போக வழியில்லை! இந்தச் சிக்கலை அவிழ்ப்பது டையோடு. ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் வாயிற்காப்போன் அது. 4007 என்ற எண் போட்டவை ஓர் ஆம்பியர் வரை தாங்கும். ஒவ்வொரு மைக்ரோ ஸ்விட்சுக்கும் குறுக்கே ஒரு டையோடைப் போட வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசை நோக்கியிருக்க வேண்டும். திறக்கும் கோடியிலுள்ள டையோடு மூடுவதற்கான மின்சாரத்தை மட்டும் விடும். மூடும் கோடியிலுள்ளது திறப்பதற்கான மின்சாரத்தை மட்டும் விடும். "மேலே போகாதே, திரும்பி வரலாம்" என்பதே அதன் ஆக்ஞை. திரை சற்று விலகியதும் மைக்ரோ ஸ்விட்சு பழைய நிலைக்கு வந்துவிடும். திரை எல்லையில் நிற்காமல் இழுத்துக் கொண்டே போனால் டையோடு தலைகீழாகப் போடப்பட்டிருக்கிறது என்று அறியலாம். திருப்பிப் போட்டால் தீர்ந்தது.

இந்தத் திரையை ஒரு தடவை செய்து முடித்த குழந்தை, வேறு கண்ணோடு உலகத்தைப் பார்க்கும். லிப்ட்டு தன் உச்சியைத் தாண்டாமல் காப்பதும், மோட்டாரால் நகரும் பெரிய வாயிற்கதவு உரிய இடத்தில் நிற்பதும் எல்லை ஸ்விட்சுகளால்தான் என்பது அதற்குச் சொல்லாமலே விளங்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஸ்விட்சைப் பிரிக்கும்போது சிறு பொறி பறப்பதைக் குழந்தைகள் கவனிப்பார்கள். கம்பிச் சுருளில் பாயும் மின்சாரம் திடீரென்று நிற்க மறுக்கும் குணமே அதற்குக் காரணம். இதை 1832-ல் எழுதி வெளியிட்டவரும் அதே ஹென்றிதான். நியூகாஸிலைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884-ல் வில்லின் விசையால் சட்டென்று பிரியும் ஸ்விட்சைக் கண்டுபிடித்ததும் இந்தப் பொறியை வெல்வதற்காகவே. வீட்டு ஸ்விட்சு "டக்" என்று சப்தமிடுவது அந்த வேகத்தினால்தான். வீட்டு மின்சாரம் திசை மாறி மாறிப் பாய்வதால் வினாடிக்கு 100 தடவை சூன்யமாகிறது. பொறி அணைய அது உதவுகிறது. பாட்டரி மின்சாரத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. ஆகவே ஸ்விட்சின் மேல் 250 வோல்ட்டு ஏ.ஸி. என்று அச்சிட்டிருப்பதை நம்பி அதே அளவு பாட்டரி மின்சாரத்தை அதில் விடலாகாது.

இந்த வேலைகளுக்கெல்லாம் 3 வோல்ட்டு அல்லது 6 வோல்ட்டுக்கு உலர்ந்த பாட்டரிகளே போதும். பழைய கைப்பேசியிலிருந்து எடுத்த லித்தியம் பாட்டரி கூடாது. முனைகள் சேர்ந்தால் அது தீப்பிடிக்கக் கூடும். சுவரிலுள்ள 230 வோல்ட்டின் பக்கம் குழந்தைகள் போகவே கூடாது.

ஆனால் பயமுறுத்தி விலக்கி வைப்பது மட்டும் காப்பாகிவிடாது என்பது நமது அபிப்பிராயம். மின் சுற்றை அழகாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கும் மாணவர்களில் பலர் ஒரு ஸ்விட்சின் பின்புறத்தைக் கண்ணால் கண்டதில்லை. பாட்டரிச் சுற்றில் ஸ்விட்சை இரண்டு கம்பிகளில் எதில் வைத்தாலும் மோட்டார் நிற்கும். வீட்டில் அப்படியல்ல. மின்சாரம் வரும் பேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரல் கம்பியில் ஸ்விட்சை வைத்துவிட்டால், மின்விசிறி நிற்கும். ஆனால் அதன் உள்ளே உயிரைப் போக்கும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். "நிறுத்தியாயிற்றே" என்று ஏறித் துடைப்பவர் கதி என்ன? "நின்றுவிட்டது" என்பதும் "மின்சாரம் இல்லை" என்பதும் வெவ்வேறு விஷயங்கள். தன் கையால் ஸ்விட்சுகளை இணைத்துப் பார்த்த பிள்ளைக்கு இந்தப் பேதம் எளிதில் மனத்தில் பதியும். வளர்ந்த பிறகு எலெக்ட்ரீஷியனிடம், "ஐயா, ஸ்விட்சு எந்தக் கம்பியில் இருக்கிறது?" என்று கேட்கவும் தோன்றும்.

ஆகையால் அடுத்த விடுமுறையில் புதுப் பொம்மை கேட்கும் குழந்தைக்கு ஒரு மோட்டார், ஓர் ஆறு கால் ஸ்விட்சு, இரண்டு மைக்ரோ ஸ்விட்சுகள், இரண்டு டையோடுகள், நான்கு பாட்டரிகள், கொஞ்சம் உறை போட்ட கம்பி ஆகியவற்றை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். ஈயப் பற்று வைக்கும்போது மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. கூடத்தில் இரண்டு நாள் குப்பை சேரத்தான் செய்யும். மூன்றாம் நாள் மாலை அட்டை மேடையின் திரை தானே விலகி, தானே நிற்கும்போது, வீட்டிலுள்ள எல்லோரும் முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம்.