டேலி ஆயிடுச்சு... சரியா?

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு கணக்குப் போட்டேன்.

பிரேக் பிடிக்காத டிராம் வருகிறது. தண்டவாளத்தில் ஐந்து பேர். மேலே பாலத்தில் நீங்கள். பக்கத்தில் ஒரு குண்டு ஆசாமி. அவரைக் கீழே தள்ளினால் டிராம் நின்றுவிடும். தள்ளுவீர்களா?

'சேச்சே!' என்றார்கள் எட்டு பேரும். இன்கிரிமென்ட் தவிர வேறெதிலும் எங்கள் செக்‌ஷனில் இப்படி ஒற்றுமை வந்ததில்லை. பருமனான அக்கவுன்டன்ட் மட்டும் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

டிராமை ஓட்டிவிட்டவர் பிரிட்டனின் ஃபிலிப்பா ஃபுட், 1967-ல். பாலத்தையும் குண்டரையும் பிற்பாடு சேர்த்தவர் அமெரிக்காவின் ஜூடித் ஜார்விஸ் தாம்ஸன். இருவருமே தத்துவக்காரர்கள்.

'இத்தனை பேர் மனசுக்கும் தப்புன்னு படுதே, அது போதாதா சார்?' என்றார் பக்கத்து சீட் நண்பர்.

போதுமா? நான் பி.காம். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகும்போது வருகிற சந்தோஷம் தெரியும். ஆனால் ஒரு பில்லை அடியோடு எழுதாமல் விட்டாலும் அது ஜோராக டேலி ஆகும்!

என் தாத்தா தங்கமான மனிதர். கூலியை ஒருநாள் தாமதித்ததில்லை. ஆனால் வயலில் வேலை செய்தவர் தண்ணீர் கேட்டால், கொல்லைப்புறம் நிற்கவைத்து, கையைக் குவிக்கச் சொல்லி, செம்பை உயரத் தூக்கி ஊற்றுவார். தெருவில் அத்தனை வீட்டிலும் அப்படித்தான். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து 1950-லேயே வந்தாச்சு; நான் சொல்வது தொண்ணூறுகளின் கடைசி. லீவுக்குப் போன நானே ஒருமுறை ஊற்றியிருக்கிறேன். அன்றைக்கு உறுத்தவில்லை. அதுதான் இன்றைக்கு உறுத்துகிறது.

தெருவில் எல்லா மனசும் டேலி. குனிந்து குடித்தவர் மனசு மட்டும் லெட்ஜரில் ஏறவே இல்லை.

அதற்காக மனசை ஒதுக்கவும் முடியாது. அது தப்பு என்று இன்றைக்குச் சொல்வதும் இதே மனசுதானே! ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கர் 1971-ல் நீதி பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு வழி சொன்னார். கொள்கையை வைத்து மனசைத் திருத்து, மனசை வைத்துக் கொள்கையைத் திருத்து, இரண்டும் ஒத்துவரும்வரை. நம்ம பாங்க் ரீகன்சிலியேஷன்தான்! பாஸ்புக்கை மட்டும் நம்புவதில்லை, கேஷ்புக்கை மட்டும் நம்புவதில்லை.

எட்டு பேரைக் கேட்டவன், டேபிள் துடைக்க வந்த அம்மாவைக் கேட்கவில்லை. மறுநாள் கேட்டேன். துணியைப் பிழிந்துகொண்டே யோசித்தார்.

'ஏன் சார், அந்த அஞ்சு பேரைப் பார்த்து ஓடுங்கன்னு கத்த ஒருத்தருக்கும் வாய் இல்லியா?'