பொய்ச் சண்டையும் மெய்க் கண்ணீரும்

நாடக மேடையில் அரசனாக நடிப்பவர் கிரீடத்தைக் கழற்றியதும் சாதாரண மனிதராகிவிடுகிறார். அவர் ஏந்திய வாளும் பொய், செய்த போரும் பொய். ஆனால் அதே மேடையிலிருந்து தவறி விழுந்து அவருடைய கால் முறிந்தால், அந்த முறிவு பொய்யல்ல. நம் வீடுகளில் 'ரெஸ்லிங்' என்று சொல்லப்படும் தொழில்முறை மல்யுத்தமும் இப்படிப்பட்ட ஒன்றுதான்.

2025 ஜூலை 24 ஆம் திகதி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஹல்க் ஹோகன் என்ற மல்யுத்த வீரர் மாரடைப்பால் மரணித்தார். அப்போது அவருக்கு வயது 71. டெரி போலியா என்பது அவருடைய இயற்பெயர். அந்தச் செய்தி வந்ததும் எங்கள் மாமாவின் நண்பர்கள் பலர் வட்ஸ்அப்பில் ஹோகனின் படத்தைப் போட்டார்கள். சிறுவயதில் வீடியோ கசெட்டை வாடகைக்கு எடுத்து, ஒரே வீட்டில் கூடியிருந்து பார்த்த தலைமுறை அது. உம்மா மாமாவிடம், "அது எல்லாம் நடிப்புத்தானே? அதுக்குப் போய் ஏன் இவ்வளவு கவலைப்படுற?" என்று கேட்டார். மாமா சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். உம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறும் மல்யுத்தம் வேறு, தொலைக்காட்சியில் காட்டப்படும் தொழில்முறை மல்யுத்தம் வேறு. பின்னதில் யார் வெல்வார், யார் தோற்பார் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. இது இரகசியமன்று. 1989 ஆம் ஆண்டு, இது விளையாட்டுப் போட்டியன்று, பொழுதுபோக்கு நிகழ்ச்சியே என்று அந்த நிறுவனத்தினரே அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

முடிவு தீர்மானிக்கப்பட்டிருந்தாலும் விழுவது உண்மையாகவே விழுவதுதான். அவர்கள் சண்டையிடும் மேடை மெத்தை போன்றதன்று. இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகைகளை அடுக்கி, அதன்மேல் மெல்லிய பஞ்சு விரிப்பும் கன்வஸ் துணியும் போர்த்தியிருப்பார்கள். அதன்மேல் ஓர் ஆள் உயரத்திலிருந்து, வாரத்தில் பல நாட்கள், ஆண்டுக்கணக்காக விழ வேண்டும். தலையும் கழுத்தும் அடிபடாமல், முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் நிலத்தில் படும்படி விழுவதே அவர்கள் கற்கும் முதற்பாடம். ஒருவரைத் தூக்கி எறிபவருக்கு, எறியப்படுபவரின் கழுத்தைக் காப்பாற்றும் பொறுப்பும் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு எதிரிகளாகத் தெரியும் இருவரும் தம் உயிரை ஒருவர் கையில் ஒருவர் ஒப்படைத்திருக்கிறார்கள்.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் 1987 மார்ச் 29 ஆம் திகதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த போட்டி. அன்று ஹோகனுடன் மோதியவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த அன்ட்ரே. ஏழடிக்கும் மேற்பட்ட உயரம், இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடை என்று அறிவிக்கப்பட்ட 'இராட்சதர்' அவர். ஹோகன் அவரைத் தூக்கி நிலத்தில் போட்ட காட்சியை மாமா இன்றும் கைகளை உயர்த்திக் காட்டி விவரிப்பார். ஆனால் அந்த உயரத்துக்குக் காரணம் ஒரு நோய். உடலில் வளர்ச்சி ஹோர்மோன் அளவுக்கு மீறிச் சுரந்ததால் வந்த நோய் அது. அன்று அன்ட்ரே முதுகில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, உடைக்குள் முதுகுப்பட்டி அணிந்து, கடும் வலியோடுதான் மேடை ஏறினார். அவர் இணங்காமல் அவரை எவராலும் தூக்கியிருக்க முடியாது. ஹோகனின் பெரும் வெற்றி, வலியோடு நின்ற இன்னொரு மனிதர் மனமுவந்து கொடுத்தது. தந்தையின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்ஸ் சென்றிருந்த அன்ட்ரே 1993 ஜனவரியில் பாரிஸ் நகரில் இறந்தார். வயது 46 தான். மறைந்த வீரர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் கௌரவிக்கும் 'புகழ் மண்டபம்' அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்டது. அதில் முதலில் சேர்க்கப்பட்ட பெயர் அன்ட்ரேயுடையது.

எங்கள் நானாவின் தலைமுறைக்கு வேறு வீரர்கள். 'டென் ஸ்போர்ட்ஸ்' அலைவரிசையில் ரெஸ்லிங் பார்த்து, மடவளை பஸார் கடையில் ரெஸ்லிங் காட் பக்கெட் வாங்கிச் சேர்த்த காலம் அது. நானா கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகும் அந்தக் காட்கள் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொரு காட்டிலும் உயரம், எடை, மார்பளவு எல்லாம் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் உள்ளவர்களில் எடி கரேரோ 2005 நவம்பர் 13 ஆம் திகதி இறந்தார். வயது 38. உமாகா 2009 டிசம்பரில் இறந்தார். வயது 36. எங்கள் ஊரில் இந்த வயதில் பலருக்கு மூத்த பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை கூட எழுதியிருக்காது.

ஏன் இப்படி இளவயதில் இறக்கிறார்கள்? உடலைப் பெருக்கச் செய்யும் மருந்துகள், வலியை மறக்க விழுங்கும் மாத்திரைகள், ஓய்வில்லாத பயணம், போதைப்பழக்கம் ஆகியன ஒன்றுசேர்ந்து இதயத்தைத் தாக்குகின்றன. எடி கரேரோ போதையிலிருந்து மீண்டு, 2004 பெப்ரவரியில் உலகப் பட்டத்தையும் வென்றவர். அவர் திருந்திவிட்டார், ஆனால் அவருடைய இதயம் ஏற்கெனவே நோயுற்றிருந்தது. அவருடைய மரணத்தின் பின்னர்தான், 2006 பெப்ரவரியில், வீரர்களுக்கு இதயப் பரிசோதனையும் மருந்துப் பரிசோதனையும் செய்யும் திட்டத்தை டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனம் தொடங்கியது. ஒருவர் மரணித்த பிறகே மற்றவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது என்பது கவலைக்குரியது.

இரசிகர்கள் இவர்களை எவ்வாறு நினைவுகூருகிறார்கள்? வீரர் ஒருவர் மரணித்தால் அடுத்த நிகழ்ச்சியில் சக வீரர்கள் எல்லோரும் வந்து தலைகுனிந்து நிற்பார்கள். போட்டி தொடங்கவும் முடிக்கவும் அடிக்கப்படும் அதே மணி, பத்து முறை மெதுவாக ஒலிக்கும். இது குத்துச்சண்டையிலிருந்து வந்த வழக்கம். கீழே விழுந்தவர் எழுந்திருக்கப் பத்து எண்ணும் வரை அவகாசம் உண்டல்லவா? பத்தாவது எண்ணிலும் எழாவிட்டால் போட்டி முடிந்துவிடும். எப்போதும் கூச்சலிடும் கூட்டம், அந்தப் பத்து மணிகளுக்கு மட்டும் அமைதியாகிறது.

2023 ஓகஸ்ட் 23 ஆம் திகதி டெரி ஃபங்க் என்ற மூத்த வீரர் 79 வயதில் இறந்தார். மறுநாளே பிரே வயட் என்ற வீரர் 36 வயதில் மாரடைப்பால் இறந்தார். அடுத்த நாள் லூயிவில் நகரில் நடந்த நிகழ்ச்சியில் இருவருக்கும் சேர்த்தே மணி ஒலித்தது. வயட் ஒரு லாந்தர் விளக்கை ஏந்தி இருட்டில் நடந்து வருவார். அப்போது இரசிகர்கள் கைபேசி விளக்குகளை ஏற்றி அசைப்பார்கள். அந்த விளக்குகளுக்கு 'மின்மினிகள்' என்று பெயர். அன்று அந்த மின்மினிகளை எல்லோரும் ஏற்றினார்கள், நடந்து வர வேண்டியவர்தான் இல்லை.

இந்த நினைவுகூரல் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் உம்மும்மா, அரிசி மூட்டையைத் தனியே தூக்க முயலும் பையனைப் பார்த்து "பெரிய தாராசிங்!" என்பார். தாராசிங் பஞ்சாப்பைச் சேர்ந்த மல்யுத்த வீரர். இளைஞராகச் சிங்கப்பூர் சென்று உழைத்துக்கொண்டே மல்யுத்தம் பயின்றவர். கிங்காங் என்று அழைக்கப்பட்ட எமில் சாயாவோடு அவர் மோதிய போட்டிகள் ஆசியாவெங்கும் புகழ்பெற்றவை. மலேசியாவில் நேர்ந்த வாகன விபத்தில் காயமடைந்த கிங்காங் 1970 இல் சிங்கப்பூரில் இறந்தார். தாராசிங் 2012 ஜூலை 12 ஆம் திகதி மும்பையில், 83 வயதில் காலமானார். உம்மும்மா அவருடைய ஒரு போட்டியைக்கூடப் பார்த்ததில்லை. பெயர் மட்டும் வழக்குச் சொல்லாகி மடவளை வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வீரருக்கு இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் வேண்டியதில்லை.

இன்னொரு கதை பாகிஸ்தானில் நடந்தது. ஜப்பானிய வீரர் அன்டோனியோ இனோக்கி, 1976 ஜூன் மாதம் டோக்கியோவில் முஹம்மத் அலியோடு மோதிச் சமநிலையில் முடித்தவர். அதே ஆண்டு டிசம்பரில் அவர் கராச்சி வந்து, புகழ்பெற்ற காமா பயில்வானின் குடும்பத்தைச் சேர்ந்த அக்ரமை எதிர்கொண்டார். அந்த மோதலில் அக்ரமின் கை கடுமையாகக் காயமுற்றது, அக்ரம் தோற்றார். அரங்கம் திகைத்துப் போனது. 1979 இல் அக்ரமின் உறவுமுறை மகனான இளைஞர் ஜாரா, லாகூரில் இனோக்கியோடு மோதினார். போட்டி முடிந்ததும் இனோக்கி தாமே ஜாராவின் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். பிற்காலத்தில், 1990 இல் ஈராக் சென்றபோது இஸ்லாத்தை ஏற்றதாக அவர் கூறினார். முஹம்மத் ஹுஸைன் என்ற பெயரும் அவருக்கு வந்தது. ஜாராவின் குடும்பத்து இளைஞர் ஒருவரை ஜப்பானுக்கு அழைத்துப் பயிற்சியளிக்கவும் அவர் முன்வந்தார். 2022 ஒக்டோபர் 1 ஆம் திகதி, 79 வயதில் அவர் இறந்தபோது, பாகிஸ்தானின் பிரதமரே இரங்கல் தெரிவித்தார். தம் நாட்டு வீரரின் கையைக் காயப்படுத்தியவருக்காக அந்த நாடு வருந்தியது. அவர் உயர்த்திய கையை அவர்கள் மறக்கவில்லை.

இனி, கடினமான ஒரு விடயத்துக்கு வருவோம். ஹோகன் கறுப்பின மக்களை இழிவுபடுத்திப் பேசிய ஒலிப்பதிவு ஒன்று 2015 இல் வெளிவந்தது. அவருடைய நிறுவனம் 2015 ஜூலை 24 ஆம் திகதி அவரை விலக்கியது. அவர் மரணித்ததும் அதே திகதியில், சரியாகப் பத்து ஆண்டுகளின் பின்னராகும். அவர் மன்னிப்புக் கேட்டார், 2018 இல் மீண்டும் சேர்க்கப்பட்டார். ஆயினும் 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே அவர் மேடையேறியபோது கூட்டம் கூச்சலிட்டு எதிர்த்தது. அவர் இறந்த பிறகும் சில இரசிகர்கள் அழுதார்கள், சிலர் அழ மறுத்தார்கள்.

மரணித்தவர்களை ஏசக் கூடாது என்பது நாம் சிறுவயது முதல் கற்ற ஒழுக்கம். அப்படியானால் அவர் பேசியதை மறைத்துவிட வேண்டுமா? ஏசுவது வேறு, நடந்ததைச் சொல்வது வேறு என்றே நான் எண்ணுகிறேன். அவரை நேசித்த மாமாவின் கவலை உண்மை. அவருடைய சொற்களால் காயப்பட்டவரின் மனவருத்தமும் உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை அழித்துவிடத் தேவையில்லை. மேடையில் நல்லவன், கெட்டவன் என்று இரண்டே பாத்திரங்கள்தாம் உண்டு. மணி பத்து முறை ஒலிக்கும்போது அந்தப் பாத்திரங்கள் முடிந்து, நன்மையும் தீமையும் கலந்த ஒரு மனிதர் மட்டுமே எஞ்சுகிறார்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தைகள். முதலாவது, தம்பிமார் இந்தப் பிடிகளைக் கட்டில் மெத்தையில் செய்து பார்க்க இடங்கொடுக்காதீர்கள். நீண்ட காலம் பயிற்சி பெற்றவர்களின் கழுத்தே முறிந்திருக்கிறது. இரண்டாவது, அவர்களுடைய கவலையைக் கேலி செய்யாதீர்கள். நானா கட்டாரிலிருந்து எடுக்கும் அழைப்புகள் வழமையாக "சாப்பிட்டியா, படிக்கிறியா" என்பதோடு முடிந்துவிடும். பிரே வயட் இறந்த வாரம் மட்டும், "அவர் யார் நானா?" என்று நான் கேட்டேன். நானா ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். வயட்டைப் பற்றித் தொடங்கி, எடியைப் பற்றிச் சொல்லி, காட் வாங்கக் காசு சேர்த்ததையும், அறையில் ஐந்து பேரோடு தங்கியிருப்பதையும், வேலை முடிந்து வரும்போது முதுகு வலிப்பதையும் சொன்னார். முதுகுவலியைப் பற்றி அவர் அதற்கு முன் எங்களிடம் சொன்னதே இல்லை.

பொய்ச் சண்டைக்கு ஏன் மெய்க் கண்ணீர் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள விடை இதுதான். சண்டையின் முடிவைத்தான் யாரோ எழுதிவைத்தார்கள். அந்த வீரர்கள் பட்ட வலியையும், அவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் சிறுபராயத்தையும் எவரும் எழுதிவைக்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டிலும் ஒருவர், எங்கோ மரணித்த ஒரு வீரருக்காக வாடிய முகத்தோடு இருந்தால், "அது நடிப்புத்தானே" என்று சொல்லிக் கடந்துவிடாமல், "அவர் யார்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

– உயர்தரப் பிரிவு மாணவி, மடவளை