துளைக் காளானும் நிகண்டும்

வட்டவளைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், அடைமழை நாளொன்றில், பட்ட மரத்தில் முளைத்த காளானைக் கொணர்ந்து, "இதன் பெயர் என்ன, ஐயா?" என்று வினவினான்.

"ஆம்பி" என்றேன்.

அவன் அதைப் புரட்டிக் காட்டினான். குடைக்காளானின் அடியிற் காணும் மெல்லிய மடல்கள் அங்கில்லை; ஊசியாற் குத்தினாற்போன்ற எண்ணற்ற நுண்டுளைகளே இருந்தன. அவற்றின் வழியாகவே வித்திகள் உதிரும். பொதுப்பெயர் கூறி அமைந்த என் புலமை நாணிற்று.

19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ், இலங்கைக் காளான்களை உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லியும் புரூமும் அவற்றுக்குப் பெயரிட்டனர். உலர்ந்தபின் நிறமும் வடிவும் திரியுமன்றோ? 1905இல் பேராதனைக்கு வந்த பெட்ச், அக்காளான்களை விளைந்த மண்ணிலேயே கண்டு ஆராய்ந்து, முன்னோர் இட்ட பெயர்கள் பலவற்றைத் திருத்தினார்.

நிகண்டில் ஒருபொருட் பல்பெயர் செல்வம். தேயிலை மலையிலோ பெயர் மயங்கின் கேடு. செவ்வேர் நோயை விளைக்கும் போரியா இத்துளைக் காளான் இனத்ததே. நோயுற்ற வேர் தொட்ட அயல்வேருக்கும் அது பரவும். இனமறியாது செடியை மட்டும் அகற்றி வேரை மண்ணில் விட்டால், அடுத்த செடியும் பட்டுப்போகும். கொழுந்து பறிப்போர் கூடையும் குறையும்.

கண்ட இடம், மரம், நாள், துளையின் அளவு ஆகியவற்றைக் குறித்து, பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விடுமாறு அவனிடம் கூறினேன். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் அறிந்தோர் உளர். அவர்பாற் சென்று கேட்பதில் தமிழாசிரியனுக்கும் இழுக்கில்லை.