கேட்காமல் எழுதலாமா? மருத்துவ இதழ்களும் நோயாளியின் ஒப்புதலும்

திண்டுக்கல் அரசு மருத்துவமனை இப்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. கல்லூரி வந்தால் மாணவர்கள் வருவார்கள், பேராசிரியர்கள் வருவார்கள், கூடவே ஆராய்ச்சியும் வரும். வார்டில் ஒருவருக்கு அபூர்வமான நோய் இருந்தால் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று படிப்பார்கள். சில சமயம் அந்த நோயின் கதை மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையாகவும் வெளிவரும்.

இதில் தவறேதும் இல்லை. மருத்துவம் வளர்வதே இப்படித்தான். ஆனால் கட்டுரையில் வரப்போவது ஒரு மனிதரின் உடல், அவருடைய குடும்பம், சில வேளைகளில் அவர் மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? அவருக்குப் புரியும்படி சொன்னார்களா? இந்தக் கேள்விகள் மருத்துவருக்கும் முக்கியம், நோயாளிக்கும் முக்கியம்.

கேஸ் ரிப்போர்ட் ஏன் தேவை?

ஒரே ஒரு நோயாளிக்கோ சில நோயாளிகளுக்கோ வந்த நோய், அதன் அறிகுறிகள், செய்த பரிசோதனைகள், கொடுத்த சிகிச்சை, கடைசியில் என்ன ஆயிற்று என்பதை மற்ற மருத்துவர்களுக்காக எழுதுவதுதான் கேஸ் ரிப்போர்ட்.

புதிய நோய்கள் பலவும் முதலில் தலைகாட்டுவது இப்படிப்பட்ட சிறு குறிப்புகளில்தான். 1981 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்காவில் ஐந்து இளைஞர்களைப் பற்றி வெளியான சிறிய அறிக்கைதான் எய்ட்ஸ் நோய் குறித்து உலகுக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. இளம் வயதில் கை கால்கள் மெலிந்து, காதும் கேட்காமல் போகும் ஒரு நரம்பு நோயை 1970இல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்தார்கள். இன்றைக்கும் உலக மருத்துவப் புத்தகங்களில் அந்த நோய்க்கு மெட்ராஸ் பெயர்தான். அன்றைய நோயாளிகள் தந்த அறிவு, பின்னால் வந்த எத்தனையோ நோயாளிகளுக்குப் பயன்பட்டது.

ஆகவே எழுதவே கூடாது என்பது வாதமல்ல. கேட்டு எழுத வேண்டும் என்பதுதான்.

1986: சென்னை கற்றுத்தரும் பாடம்

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் நிர்மலா ரத்த மாதிரிகள் சேகரித்தார். 1986இல் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு அது இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் கட்டுரையானது.

நாட்டையே விழிக்கச் செய்த கண்டுபிடிப்பு அது. நோய்த் தடுப்புப் பணிகள் வேகமெடுத்ததற்கு அதுவே காரணம். ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பல ஆண்டுகள் கழித்துப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அன்று படித்தவர்களுக்கே எய்ட்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. இன்று அந்தச் சூழ்நிலை இல்லை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் இந்தப் பரிசோதனை செய்யவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. சட்டம் குறிப்பிடும் சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு.

எவ்வளவு பெரிய நன்மைக்காக என்றாலும், எளியவர்களிடம் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் நீடிக்கக் கூடாது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் தைரியம் குறைந்தவர்களிடம்தான் அதிகக் கவனத்தோடு கேட்க வேண்டும்.

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரியும்

“பெயரைத்தான் போடவில்லையே, பிறகென்ன?” என்பது வழக்கமான பதில். அது போதாது. கற்பனையாக ஒரு வரி எழுதிப் பார்ப்போம்: ‘41 வயது ஆண், நாகல்நகரில் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி, இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை, குழந்தையின்மைக்காகச் சிகிச்சைக்கு வந்தார்.’ பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் யாரிடம் காட்டினாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பூட்டுத் தொழிலில் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தொழிலாளர் கூட்டம் சிறுக்கச் சிறுக்க, தொழிலின் பெயரே ஆளின் பெயர் ஆகிவிடுகிறது.

வேடசந்தூர்ப் பக்கம் பஞ்சாலை விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண், தோல் பதனிடும் ஆலையில் ரசாயனத் தொட்டியருகே வேலை பார்ப்பவர், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர் என்று எழுதி, ஊரையும் அட்மிட் ஆன தேதியையும் வயதையும் சேர்த்துவிட்டால் மறைப்பதற்கு மிச்சம் ஏதும் இல்லை.

சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் பரம்பரை நோய் பற்றி எழுதும்போது சிக்கல் இன்னும் பெரிது. சின்னாளபட்டியில் ஒரு நெசவாளர் குடும்பத்தின் மூன்று தலைமுறையை வட்டமும் சதுரமுமாக வரைந்து காட்டினால், அதில் இன்னும் கல்யாணம் ஆகாத பெண்ணும் இருப்பாள். கையெழுத்துப் போட்டவர் அவளுடைய தாய்மாமனாக இருக்கலாம். பெண் பார்க்க வரும் வீட்டார் காதுக்குச் செய்தி எட்டினால் பாதிப்பு யாருக்கு? இப்படிப்பட்ட கட்டுரைக்கு ஒருவர் ஒப்புதல் போதாது. படத்தில் தெரியும் மற்றவர்களையும் கேட்பதுதான் நியாயம்.

நோய் அரிதாக இருந்தால் அந்த அரிய தன்மையே அடையாளம். 2019இல் சென்னையில் 7 வயதுச் சிறுவனின் தாடையிலிருந்து 526 பற்களை எடுத்த செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அப்படிப்பட்ட நோயைப் பற்றி எழுதிவிட்டு, பெயரை மட்டும் விட்டுவிட்டோம் என்பதில் பயன் இல்லை.

கண்ணில் கறுப்புப் பட்டை, கையில் செல்போன்

நோயாளியின் முகத்தில் கண்களுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். கண்ணை மறைப்பது அடையாளத்தை மறைக்காது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு தன் விதிமுறையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மூக்கும் உதடும் தெரிந்தாலே பழகியவர்களுக்குப் போதும். பச்சை குத்தியது, தழும்பு, மச்சம், தாலிக்கொடி, காதில் போட்டிருக்கும் தோடு எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

எக்ஸ்ரே பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து செல்போனில் படம் எடுப்பதை எல்லா வார்டுகளிலும் பார்க்கலாம். பிலிமின் மேல் மூலையைக் கவனியுங்கள். பெயர், வயது, ஆண் பெண் விவரம், மருத்துவமனை எண், எடுத்த தேதி எல்லாம் அங்கே அச்சாகியிருக்கும். மூத்த டாக்டரிடம் ஆலோசனை கேட்பதற்காக வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம், அந்த மூலையோடு சேர்ந்தே அடுத்த குழுவுக்குப் போகிறது. சிகிச்சைக்காக எடுத்த படத்தைச் சிகிச்சையோடு நிறுத்த வேண்டும். வெளியிடுவதற்கு என்றால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள்தான் இன்றும் நடைமுறையில் உள்ளன. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன. 2002 விதிகளின்படி, நோயாளியின் அடையாளம் தெரியும் வகையில் அவருடைய படத்தையோ கேஸ் ரிப்போர்ட்டையோ அனுமதி இல்லாமல் எந்த இதழிலும் வெளியிடுவது ஒழுங்கீனம். ஆனால் அடையாளம் வெளிப்படாவிட்டால் ஒப்புதல் தேவையில்லை என்றும் அதே விதி சொல்கிறது.

பிரச்சினை அந்த இரண்டாம் வாக்கியத்தில்தான் இருக்கிறது. அடையாளம் வெளிப்படுமா வெளிப்படாதா என்று முடிவு செய்வது யார்? எழுதும் மருத்துவரே. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு எது தெரியும் என்பது நோயாளிக்குத்தான் தெரியும். அதனால்தான் நல்ல இதழ்கள் பலவும் நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் கேஸ் ரிப்போர்ட்டை வாங்குவதில்லை.

நாகாலாந்து மருத்துவர் ஒருவர் சென்னை மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தபோது எச்.ஐ.வி. தொற்று தெரியவந்து, செய்தி கசிந்து, நிச்சயித்த கல்யாணமே நின்றுபோன வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவ ரகசியம் காக்கப்பட வேண்டியது, ஆனால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு என்றது. இதழில் கட்டுரை எழுதுவதில் அப்படி எந்த அவசரமும் இல்லை. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஒப்புதல் என்றால் அது சுதந்திரமானதாக, குறிப்பிட்ட காரியத்துக்கானதாக, விவரம் அறிந்து தந்ததாக இருக்க வேண்டும் என்கிறது அது.

ஆபரேஷனுக்குப் போட்ட கையெழுத்து கட்டுரைக்குச் செல்லாது. ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் வேறொரு சிகிச்சைக்கே செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அப்படியிருக்க, பிரசுரத்துக்கு அது எப்படிச் செல்லும்?

எப்படிக் கேட்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் காகிதங்களோடு இன்னொரு தாளை நீட்டி “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்பது கேட்பது ஆகாது. இப்படிச் சொல்லலாம்:

“அம்மா, உங்களுக்கு வந்திருக்கிறது அபூர்வமான வியாதி. மத்த டாக்டர்களும் தெரிஞ்சுக்கணும்னு மருத்துவப் பத்திரிகையில எழுதலாம்னு இருக்கோம். உங்க பேரு, ஊரு வராது. ஆனா விவரத்தைப் பார்த்துத் தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சிட வாய்ப்பு இருக்கு. இன்டர்நெட்டுல ஒருதடவை வந்துட்டா திரும்ப எடுக்கிறது கஷ்டம். வேணாம்னு சொன்னா ஒண்ணும் நினைக்க மாட்டோம், வைத்தியம் இதே மாதிரிதான் நடக்கும். வீட்ல கலந்துக்கிட்டு நாளைக்குச் சொல்லுங்க.”

இதற்குப் பலரும் சொல்லும் பதில், “நீங்க பார்த்துச் செய்யுங்க சார், உங்களுக்குத் தெரியாததா?” என்பது. அது மருத்துவர் மீதுள்ள நம்பிக்கை. அதையே ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்பிக்கை வைத்தவரிடம் இன்னொரு முறை விளக்குவதுதான் அந்த நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதை.

மொழியும் முக்கியம். படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டில் சௌராஷ்டிரமோ கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்களும், ஆலை வேலைக்கு வந்த வடமாநிலத்தவரும் இங்கே உண்டு. அவரவருக்குப் புரியும் மொழியில் வாய்விட்டு விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், மருத்துவமனையைச் சாராத ஒருவர் சாட்சியாக இருப்பது நல்லது. கட்டுரையை அனுப்புவதற்கு முன் நோயாளிக்குக் காட்டி, படித்துச் சொல்லவும் வேண்டும்.

யார் சம்மதம் சொல்லலாம்?

18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ச்சிக்காக 2017இல் வகுத்த நெறிமுறை, 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாகவும் அதற்கு மேல் 18 வயது வரை எழுத்திலும் பிள்ளையின் இசைவைப் பெறச் சொல்கிறது. கேஸ் ரிப்போர்ட்டிலும் அதைப் பின்பற்றலாம்.

நினைவில்லாமல் கிடப்பவருக்கு நெருங்கிய உறவினர் சொல்லலாம். அவர் தேறியதும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். துக்க வீட்டில் போய் நிற்காமல் சில நாள் பொறுத்துக் கேட்பது மனிதத்தன்மை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். மனநல சிகிச்சை பெறுபவரின் விவரங்களுக்கும் 2017 மனநலச் சட்டம் தனிப் பாதுகாப்புத் தருகிறது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

- இந்தப் படம் என் சிகிச்சைக்கா, பாடம் நடத்தவா, பத்திரிகைக்கா?
- எந்த இதழ்? இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?
- என் முகம், ஊர், தொழில், தேதி இவற்றில் எதெல்லாம் வரும்? எதை எடுத்துவிடலாம்?
- அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டுவீர்களா?
- மனசு மாறினால் எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும்?
- நான் கையெழுத்திட்ட படிவத்தின் நகல் கிடைக்குமா?

மீறல் நடந்தால்

முதலில் சிகிச்சை தந்த மருத்துவரிடமும் மருத்துவமனை நிர்வாகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 விதி. கட்டுரை வெளிவந்திருந்தால் இதழின் ஆசிரியருக்கு எழுதலாம். ஒப்புதல் இல்லாமல் அச்சானது உறுதியானால் கட்டுரையைத் திரும்பப் பெறும் வழக்கம் உண்டு. மருத்துவர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது விதி.

ஆனால் வெளியே போன விவரத்தை எந்தப் புகாரும் முழுதாகத் திரும்பக் கொண்டுவராது. அதனால் எழுதுவதற்கு முன்னால் கேட்பதுதான் உண்மையான பாதுகாப்பு. தன் நோயால் இன்னொருவர் பிழைப்பார் என்று தெரிந்தால் நம் மக்களில் பெரும்பாலோர் மனமுவந்து சம்மதிப்பார்கள். அந்தக் கொடையை அவர்களே விரும்பித் தரட்டும். மருத்துவர்கள் கேட்டுப் பெறட்டும்.